மீட்டருக்கு முன்னால்

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், அவள் தம்பியைச் சின்னவன் என்பார்கள். அப்பா ஆசையாக வைத்த பெயர்கள் பள்ளிச் சான்றிதழோடு நின்றுபோயின. பெரியவள் பொருளாதாரம் படித்துக் குடிநீர் வாரியத்தில் கட்டண ஆலோசகராக உட்கார்ந்தாள். சின்னவன் படிப்பைப் பாதியில் உதறிவிட்டுக் குழாய் வேலைக்குப் போனான். "ரெண்டுக்கும் சோறு போடறது தண்ணிதான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்பதுதான் கதை.

பெரியவளுக்கு எதையும் நிறுத்துப் பார்க்காமல் செய்ய வராது. மனிதர்கள் எதைச் செய்தாலும் கிடைப்பது என்ன, கொடுப்பது என்ன என்று மனசுக்குள் ஒரு தராசைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் செய்கிறார்கள் என்பது அவள் படித்த படிப்பு. படித்ததோடு நிற்காமல் அதை நம்பவும் செய்தாள். கடையில் சோப்பு வாங்குகிறவனும் சரி, இருட்டில் சுவரேறிக் குதிக்கிறவனும் சரி, அவளுக்கு ஒரே மனிதன்தான். எதிரில் இருக்கும் பொருள் மட்டும்தான் வேறு.

"இவகிட்ட இன்னொரு கரண்டி போடட்டுமான்னு கேட்டுட்டு நின்னா என் கை கடுத்துப்போகும்" என்பாள் அம்மா. "முதல் கரண்டியில எவ்வளவு சுகம், ரெண்டாவதுல எவ்வளவு சுகம்னு இவ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிடும்." பெண் பார்க்க வந்தவர்களையும் அப்படியே நிறுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியவள் பெரியவள். நாற்பதைத் தாண்டியும் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. நீர்த்தேக்கத்தின் அடியில் வெடித்த மண் தெரிய ஆரம்பித்தது. வாரியத்தின் கூட்டத்தில் பொறியாளர்கள் எல்லோரும் ஒரே குரலில், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடலாம் என்றார்கள். பெரியவள்தான் வேண்டாம் என்றாள்.

"தண்ணியை நிறுத்தினா, குழந்தைக்குப் பால் கரைக்கறவளும் கஷ்டப்படுவா, காரைக் கழுவறவனும் கஷ்டப்படுவான். விலையை ஏத்திப் பாருங்க, சார். முதல்ல கொஞ்சத்துக்குப் பழைய விலை. அதுக்கு மேல போகப் போக ஏத்தம். கார் கழுவறதைத் தானா விட்டுடுவாங்க. குடிக்கறதை யாரும் விடமாட்டாங்க."

வாரியத் தலைவர் சிக்கனமான மனிதர். குடித்து மிஞ்சிய தண்ணீரை மேஜைமேல் இருந்த பூந்தொட்டியில் ஊற்றுவது அவர் வழக்கம். அன்றும் ஊற்றிவிட்டு, "யாரையும் தொந்தரவு பண்ணாம வேலை முடியும்ங்கறீங்க" என்றார்.

"அவங்கவங்களே முடிவு பண்ணிக்குவாங்க, சார்."

விலை ஏறியது. அடுத்தடுத்த மாதங்களில் மீட்டர் அளவுகள் இறங்கின. அவள் வரைந்து காட்டிய கோட்டையும் தாண்டிக் கீழே இறங்கின. தலைவர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். பக்கத்து மேஜைக்காரர், "இனிமே உங்களை ஜோசியரம்மான்னு கூப்பிடணும்" என்று கைகொடுத்தார்.

பெரியவளுக்கு மட்டும் அந்தத் தேநீர் இறங்கவில்லை. மனிதர்கள் அவள் சொன்னதைவிடவும் நன்றாக நடந்துகொள்கிறார்கள் என்றால் எங்கேயோ உதைக்கிறது. நீரேற்று நிலையத்திலிருந்து வெளியே போகும் தண்ணீரின் அளவை வாங்கிப் பார்த்தாள். அது ஒரு சொட்டும் குறையவில்லை. போகும் தண்ணீர் அதே அளவு, மீட்டரில் ஏறும் தண்ணீர் பாதி. மீதியை மண் குடிக்கிறது என்றால் தெருவெல்லாம் சேறாக இருக்கவேண்டும். தெருக்களோ காய்ந்து கிடந்தன.

ஒரே ஒரு வழிதான் உண்டு. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பில், மீட்டருக்கு முன்னாலேயே, யாரோ ஒரு கிளையைப் பிரித்துக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கிளையில் ஓடும் தண்ணீருக்கு மீட்டரும் இல்லை, விலையும் இல்லை. இது வீட்டுக்காரர்கள் தாமாகச் செய்கிற வேலையும் இல்லை. தரையைத் தோண்டி, அழுத்தத்தில் இருக்கும் குழாயை ஒட்டி, மேலே பழையபடி மூடிவிடத் தேர்ந்த கை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, வாசலில் சின்னவனின் வேன் புதிதாக வண்ணம் அடித்துக்கொண்டு நின்றது. உள்ளே அவனோடு அவன் கூட்டாளி நெட்டையனும் இருந்தான். எவ்வளவு ஆழமாகப் பள்ளம் தோண்டினாலும் பாதி ஆள் வெளியே தெரியும் என்பதால் வந்த பெயர். வாய் ஓயாத ஆள். அம்மாவுக்கு அவனைப் பிடிக்கும். பெரியவளுக்கும் பிடிக்கும். புது வீட்டுக்கு அவள் குடிபோனபோது சமையலறைக் குழாயை மாட்டிக்கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் ஓடியவன் அவன்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் பெரியவள் தம்பியைப் பிடித்தாள்.

"வேலை நிறைய இருக்கு போல?"

"இருக்கு."

"என்ன வேலை?"

"குழாய்க்காரன்கிட்ட என்ன வேலைன்னு கேட்டா? குழாய் வேலைதான்."

"மீட்டருக்கு முன்னாலயா, பின்னாலயா?"

சின்னவன் துண்டை நிதானமாக மடித்தான். "அக்கா, உன் ஆபீசை வீட்டுக்குள்ள கொண்டு வராத. நான் சேத்துக்காலை வெளியிலயே கழுவிட்டுத்தான வர்றேன்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

சில நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "திருட்டுக்கும் ஒரு கணக்குப் போட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

முடியும். அதற்கும் அதே தராசுதான். ஒரு தட்டில் திருடினால் மிஞ்சுவது. மறு தட்டில் தண்டனை, அதோடு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு. இரண்டாவது தட்டின் எடையைக் கூட்ட இரண்டு வழி உண்டு: சோதனைக்கு நிறைய ஆள் போடலாம், அல்லது ஆளைக் கூட்டாமல் தண்டனையைப் பெரிதாக்கலாம். ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். சட்டத்துக்குக் காகிதம் போதும். பெரியவள் இரண்டாவது வழியை எழுதினாள். தண்ணீர் எடுத்த வீட்டுக்குக் கடும் அபராதம், இணைப்புத் துண்டிப்பு. வேலை செய்த குழாய்க்காரனுக்குச் சிறை. கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தால் தண்டனையில் பாதி குறையும்.

தலைவரே தயங்கினார். "குழாய்க்காரனுக்கு ஜெயில் ஜாஸ்தி இல்லையா? அபராதம் போதாது?"

"அபராதத்தைக் கூலியில சேர்த்து வாங்கிடுவாங்க, சார். ஜெயிலை யார் தலையிலயும் கட்ட முடியாது."

சொன்னது சரியான காரணம்தான். ஆனால் அவள் மனதில் இருந்த காரணம் வேறு. கெஞ்சினால் சின்னவன் சிரிப்பான், திட்டினால் முறைத்துக்கொண்டு ஒரு மாதம் பேசமாட்டான். தராசில் பெரிய கல்லாக ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டால் யாரும் சொல்லாமல் தானே இறங்கிவிடுவான். அவன் படிக்காதவனே ஒழிய முட்டாள் இல்லை. அந்த வரியை அவள் தம்பிமேல் இருந்த கோபத்தில் எழுதவில்லை, பாசத்தில் எழுதினாள். இதைப் பின்னால் அவள் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சட்டம் வந்ததும் ஊரில் பாதிக் குழாய்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். சின்னவன் கட்டிக்கொள்ளவில்லை. அவள் குழாய்க்கடை வாசலில் அவனைத் தேடிப் போனபோது வேனுக்குள் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "டாக்டரம்மா, இந்த வாரம் ஆகாது. கல்லூரிக்குப் பின்னாடி நாலஞ்சு வீடு கிடக்கு. அதை முடிச்சுட்டு வர்றேன்." வைத்தவுடன் அடுத்தது அடித்தது. நெட்டையன் பின்னால் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தவன், "அக்கா வந்தாச்சு, லைனைக் கட் பண்ணு" என்று சிரித்துவிட்டு, இருவரும் பேசட்டும் என்று இறங்கிப்போனான்.

பெரியவளுக்கு நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. பயந்தவர்கள் விலகினார்கள். வேலை வேண்டியவர்கள் விலகவில்லை. மிஞ்சிய ஆளுக்குக் கூலி ஏறியது. முதலாம் வருட மாணவன்கூட வரையும் கோடு அது. தண்ணீருக்குக் கோடு போட்டவள், தண்டனைக்குக் கோடு போட்டவள், தம்பியின் கூலிக்குக் கோடு போட மறந்துபோனாள்.

"உள்ள தூக்கிப் போட்டா என்னடா பண்ணுவ?"

"ஊருல எத்தனை தெரு இருக்கு, உங்ககிட்ட எத்தனை ஆளு இருக்கான்? நீயே கணக்குப் பண்ணிக்க."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டறவன் மாட்டுவான். பைக் ஓட்டறவன் எல்லாம் விழுந்துக்கிட்டா இருக்கான்?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில் பேசினான். "போன வருஷம் வரைக்கும் இதே வீட்டுக்காரங்க என்னைப் பின்பக்கமா வரச் சொல்லுவாங்க, அக்கா. நான் உக்காந்த நாற்காலியை நான் எழுந்ததும் துடைப்பாங்க. இப்போ 'எப்போ சார் வருவீங்க'ன்னு கேக்கறாங்க. ஒரு ஹெட்மாஸ்டர் எனக்காக கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாரு. உன் தராசுல இதை எந்தத் தட்டுல வைப்ப?"

அவள் திரும்பி வந்தாள்.

முதல் சோதனை எங்கே என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: தலைவர், சோதனைப் பிரிவு அதிகாரி, பெரியவள். எங்கே மீட்டர்கள் திடீரென்று இறங்கியிருக்கின்றன என்று சொல்லவேண்டியது அவள். உள்ளதைச் சொன்னாள். வேறு இடத்தைச் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எண்களைத் திரித்துச் சொல்ல அவள் வாய்க்குப் பழக்கமில்லை. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பு என்றாள்.

"காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்" என்றார் தலைவர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகாத."

"ஏன்?"

"போகாதன்னா போகாத."

"சரி" என்றான்.

வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலை, பெயர், சட்டம், மானம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கின. கடையில் பல் துலக்கும் பிரஷ் வாங்குவதற்கே பத்து முறை திருப்பிப் பார்க்கிறவள், இதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் சோதனைப் பிரிவு அதிகாரி சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். "முதல் நாளே மாட்டினான், மேடம். கையும் களவுமா!" என்று போனை நீட்டினார். படத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நெட்டையன் நின்றான். இடுப்புக்கு மேலே முழுசாக வெளியே தெரிந்தான்.

"ஒளிஞ்சுக்கக்கூடத் தெரியல பாருங்க, ஒட்டகம் மாதிரி நிக்கறான்" என்றார் அதிகாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவளின் முகமும் அவளைக் கேட்காமலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அம்மா வீட்டில் சின்னவன் போர்த்திப் படுத்திருந்தான். காய்ச்சல் என்று நம்பி அம்மா வெந்நீரும் மாத்திரையுமாக நடந்துகொண்டிருந்தாள். பெரியவள் கதவைச் சாத்தினாள்.

"அவனுக்கு ஏன்டா சொல்லல?"

சின்னவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவனுக்கும் செய்தி வந்திருந்தது. "காய்ச்சல்னு சொன்னேன். வேலையைத் தள்ளிப்போடுவான்னு நினைச்சேன். 'நீ படு, நான் பாத்துக்கறேன்'னு கிளம்பிட்டான்."

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏன்னு கேப்பான். அவன் வாய் ஓட்டை வாய்னு உனக்குத் தெரியாதா? பொழுது சாயறதுக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும், யாரோட அக்கா எங்க வேலை பாக்கறான்னு." இப்போது திரும்பினான். கண் சிவந்திருந்தது. "உன்னைக் காப்பாத்தத்தான் வாயை மூடிக்கிட்டேன்."

பெரியவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனைக் காப்பாற்ற அவள் சிறையை எழுதினாள். அவனைக் காப்பாற்றப் போன் செய்தாள். அவளைக் காப்பாற்ற அவன் வாயை மூடினான். உள்ளே போனது இவர்கள் இருவரிலும் சேராத மூன்றாவது ஆள்.

இனி நெட்டையன் பேசுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். பாதித் தண்டனை குறையும் என்று எழுதியவளே அவள்தான். எந்த மனிதனும் பேசுவான். அவன் போனில் சின்னவனின் எண்தான் நிறைந்திருக்கும். இன்று வருவார்கள், நாளை வருவார்கள் என்று அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காத்திருந்தார்கள். சின்னவன் உடம்பு பாதியாகிவிட்டது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பிடும் கை நிற்கும்.

யாரும் வரவில்லை. "நான் ஒத்தை ஆளு" என்று நெட்டையன் போலீசில் சொன்னான், வக்கீலிடம் சொன்னான், நீதிமன்றத்திலும் சொன்னான். வாய் ஓயாதவன் வேறு எதுவும் சொல்லவில்லை. முழுத் தண்டனை விழுந்தது. பத்திரிகையில் படம் வந்தது. அதோடு ஊரில் மிச்சமிருந்த திருட்டுக் குழாய்க்காரர்களும் நின்றார்கள். சின்னவனும் நின்றான். நீரேற்று நிலையத்திலிருந்து போகும் தண்ணீர் முதல்முறையாகக் குறைந்தது. கணக்கு பலித்துவிட்டது என்று தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். அங்கேதான் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை, சார்."

"நானும் இதைக் காதுல வாங்கலை." உட்கார்ந்தார். "இது வெளிய போனா உங்க வேலை போகும், உங்க தம்பி உள்ள போவான், இந்தச் சட்டத்தையே நாலு பேர் கேலி பண்ணுவாங்க, மறுபடி திருட்டு ஆரம்பிக்கும். போகலைன்னா? ஒரே ஒருத்தன், அதுவும் நிஜமாவே தப்புப் பண்ணினவன், உள்ள இருந்துட்டு வெளிய வந்துடுவான். நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்த கணக்குதானேம்மா இது? கூட்டிப் பாருங்க."

அவள் கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. எங்கேயாவது பிழை இருக்கும் என்று மறுபடி பார்த்தாள். இல்லை. அந்த அறையை விட்டு வெளியே வந்து கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

நெட்டையனின் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். பெரியவள் அங்கேயே போனாள். நீராவியும் சோப்பு வாடையுமாக இருந்த கூடத்தில், மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளுக்குப் பக்கத்தில் அவள் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவளைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மறு முனைகளைப் பெரியவளிடம் நீட்டினாள். "சும்மா நிக்காதீங்க. பிடிங்க, மடிச்சுக்கிட்டே பேசுவோம். மேஸ்திரி பாத்தா கத்துவாரு."

விரிப்புகளை மடித்துக்கொண்டே பெரியவள் சொன்னாள். சிறை என்று எழுதியது யார், கல்லூரிக்குப் பின்னால் என்று சொன்னது யார், யாருக்குப் போன் போனது என்று ஒன்றையும் விடவில்லை.

கேட்டவளின் கை நிற்கவே இல்லை. "அவருக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க தம்பிக்குக் காய்ச்சல் இல்லைன்னு. பிடிச்சுட்டுப் போய் உக்கார வெச்சிருந்தப்பவே யோசிச்சிருக்காரு. காய்ச்சல் வந்தாக்கூட வேலைக்கு வர்றவன் இவன், அக்கா ஆபீஸ்காரங்க வர்ற அன்னிக்குப் பாத்துப் படுத்துக்கிட்டானேன்னு."

பெரியவளின் கையிலிருந்து முனை நழுவியது. "அப்புறம் ஏன் சொல்லல? பாதி குறைஞ்சிருக்குமே."

"நானும் கேட்டேன். 'சொன்னா அவனையும் இங்க கொண்டாந்து போடுவாங்க. தினம் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் இருக்கணுமா'ன்னாரு." சிரிப்பது போல் ஒரு சத்தம் வந்தது. "அது மட்டும்தான் காரணமான்னு எனக்குத் தெரியாது. நான் அதுக்கு மேல கேக்கலை."

கீழே விழுந்த முனையை அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகுதான் முதல்முறையாகப் பெரியவளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க வருத்தப்பட வந்தீங்களா, சாட்சி சொல்ல வந்தீங்களா? வருத்தம்னா எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. எனக்கு இருக்கறதே போதும்."

சாட்சி சொல்லப்போவதை அன்று சாயங்காலமே பெரியவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "ஒருத்தன் உள்ள இருக்கான். நான் போனா ரெண்டு பேரு. உனக்கு வேலை போனா மூணு குடும்பம். இதுல யாருக்கு என்ன லாபம்னு சொல்லு, நான் இப்பவே கிளம்பறேன்" என்றான். அவள் பேச்சையே அவளிடம் திருப்பிப் பேசினான், அவளைவிட நன்றாகவே பேசினான். அதற்குப் பதில் இல்லாமலேதான் நெட்டையன் வழக்கின் மேல்முறையீட்டில் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

அம்மாதான் தாங்கவில்லை. "கூடப் பொறந்தவனைக் கூண்டுல ஏத்தத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா? அவனை வேலைக்குப் போகாதன்னு சொன்ன வாய்தானே இது, இப்போ எப்படி வந்துச்சு?" என்று வாசலில் நின்று கேட்டாள். பெரியவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தொழில் சின்னவனுடையது, வீடுகளைப் பிடித்ததும் அவன்தான், நெட்டையன் கூலிக்குப் போனவன் என்பது சாட்சியில் நிலைத்தது. நெட்டையனின் தண்டனையைக் குறைத்துக் கொஞ்ச நாளில் விட்டார்கள். சின்னவன் உள்ளே போனான். வேறு சிறைக்குத்தான் அனுப்பினார்கள். பெரியவளின் வேலை போனது. அவளை நீதிமன்றம் அபராதத்தோடு விட்டது. சட்டத்தை யாரும் கேலி செய்யவில்லை. பத்திரிகைகள் ஒருநாள் எழுதிவிட்டு மறந்தன. மழைக்காலம் வந்தது, நீர்த்தேக்கம் நிரம்பியது, ஏறிய விலை அப்படியே நின்றது.

அவள் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் வாரியத்திலிருந்து போன் வந்தது. அவள் இடத்துக்கு வந்திருந்த இளைஞன். ரொம்ப மரியாதையாகப் பேசினான். மின்வாரியத்திலும் இதே திட்டத்தைக் கேட்கிறார்கள், ஒரு சின்னச் சந்தேகம் என்றான்.

"ஒரு வருஷ ஜெயிலை ஒரு மனுஷன் எவ்வளவா மதிப்பான்னு ஒரு எண் போட்டிருக்கீங்களே, மேடம். அது எங்கேயிருந்து எடுத்தது?"

"எங்கேயிருந்தும் இல்லை. நானா யோசிச்சுப் போட்டது."

"ஆராய்ச்சி ஏதாவது?"

"இல்லைப்பா. என் தம்பியை மனசுல வெச்சுக்கிட்டுப் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்."

பின்னால் யாரோ கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. "வேற எண் எதுவும் எங்ககிட்ட இல்லையே, மேடம். அப்போ இதையே வெச்சுக்கறேன்" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

சின்னவனைப் பார்க்க அவள் நான்கைந்து முறை சிறைக்குப் போனாள். அவன் அவளைப் பார்க்க வர மறுத்துவிட்டான். கொண்டுபோன சோப்பையும் உடுப்பையும் மட்டும் வாங்கிக்கொண்டான். அம்மா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். ஆனால் வந்தாயா, சாப்பிட்டாயா, போகிறாயா என்பதோடு சரி.

அவன் வெளியே வந்த செய்தியைக்கூட அம்மா சொல்லவில்லை. நெட்டையனின் மனைவிதான் போன் செய்தாள். பையை எடுத்துக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் வந்தானாம். வாசலில் வந்து நின்றவனை உள்ளே வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் நெட்டையன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். கடைசியில் அவள்தான் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாளாம். பிறகு, அன்று போலீஸ் எடுத்துக்கொண்டுபோன சாமான்களில் இருந்த பெரிய ஸ்பேனர் யாருடைய காசில் வாங்கியது என்று இருவருக்கும் சண்டை வந்துவிட்டதாம்.

"இன்னும் சத்தம் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, கேக்குதா?" என்று அவள் போனைத் தள்ளிப் பிடித்தாள். தூரத்தில் இரண்டு ஆண் குரல்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கேட்டன. ஒன்று நெட்டையனுடையது. மற்றது இத்தனை நாளாக அவள் கேட்காத குரல்.

பெரியவள் காதோடு போனை அழுத்திக்கொண்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"இல்லை" என்றாள் நெட்டையனின் மனைவி. அவள் எப்போதும் உள்ளதைத்தான் சொல்வாள்.